இருபத்திரண்டு படிகள்

எனது பெயரும் முகவரியும் முதல் பக்கத்தில் பதிவாகியுள்ளன. வயது நாற்பத்து நான்கு. பதினாறு ஆண்டுகளாகத் தொலைக்காட்சிச் செய்தி நிலையமொன்றில் ஒளிப்பதிவாளராக இருக்கிறேன்.

இந்த வழக்கில் வாதியான ஆசிரியை, தீராத உடல்வலியாலும் சோர்வாலும் நீண்ட மருத்துவ விடுப்பில் இருந்தவர். அவர் நடிக்கிறார் என்று நிலையத்துக்குத் தகவல் வந்ததால், செய்தியாளரும் நானும் அவர் வீட்டுக்கு எதிரே வேனில் காத்திருந்தோம். காலை பத்து மணிக்கு அவர் கடைக்கு வந்து, கடைக்காரரிடம் சிரித்துப் பேசிவிட்டு, பையோடு திரும்பி நடந்ததைப் படம் எடுத்தேன். அதில் இருபது விநாடி மட்டும் "வலி எங்கே போச்சு?" என்ற தலைப்பில் ஒளிபரப்பானது. அதன் பிறகு ஊரே வாய்க்கு வந்தபடி பேசியது. பள்ளி அவரை வேலையிலிருந்து நீக்கியது.

ஆனால் அன்று நான் கேமராவை நிறுத்தவில்லை. அவர் வீட்டுப் படிக்கட்டு வெளிப்புறமாக இருந்ததால் எல்லாம் தெரிந்தது. மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு பையை ஒரு படி மேலே வைப்பதும், கைகளை ஊன்றி உட்கார்ந்தபடியே பின்னோக்கி ஏறுவதுமாக இருந்தார். நடுவில் மாடிவீட்டு அம்மா இறங்கி வரவும், கம்பியைப் பிடித்து எழுந்து, "மழை வரும்போல இருக்கேக்கா" என்று சிரித்தார். அந்த அம்மா தெருமுனை தாண்டியதும் முகத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். இருபத்திரண்டு படி ஏற நாற்பத்தேழு நிமிடம் ஆனது. மலையேறுபவர்களைப் படம் எடுத்தவன் நான். ஆனால் மூச்சுவிட மறந்து பார்த்தது இதைத்தான். செய்தியாளர், "உக்காந்திருக்கிறத யாருய்யா பாப்பாங்க?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அது என் தவறு.

அவருக்கு வேலை போன செய்தி கேட்ட பிறகு, முழுப் பதிவையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நான் யார் என்று சொன்னதும் அவர் கணவர் கதவை மறித்தார். ஆசிரியைதான், "என்னன்னு பாத்துடலாம், விடுங்க" என்றார். நான் ஓடவிட்ட பதிவைக் கண் இமைக்காமல் பார்த்தார். கடைசிப் படி வந்ததும், "ஏறிட்டாளே" என்றார், வேறு யாரையோ சொல்வதுபோல. நாற்பத்தேழு நிமிடமும் நின்றே பார்த்த கணவர், அதன் பிறகு தரையில் உட்கார்ந்து, "தெனமும் வேலைவிட்டு வந்து, நாள் முழுக்க சும்மாதானே இருந்தன்னு இவகிட்ட கேப்பேன்" என்றார். ஆசிரியை அவர் தோளில் கை வைத்தார்.

இதை யாரும் தூண்டாமல் சொன்னேன். எழுதியதை வாசிக்கக் கேட்டேன். அத்தனையும் நான் கண்டது. பதிவை ஒரு விநாடிகூட வெட்டாமல் ஒப்படைத்துள்ளேன். மன்றம் அதை வேகமாக ஓட்டிவிடாமல் முழுதாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
ஒளிப்பதிவாளர்