பதிமூணு வராது

— மூணு தடவை கூட்டிப் பாத்துட்டேன்டா. பதிமூணுதான் வருது. வரவே கூடாது, சரியா?

— ஏன்க்கா, பதிமூணு என்ன பாவம் பண்ணுச்சு? அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குடு.

— ஒற்றைப்படைடா. நீ எங்கிட்ட பேசுறன்னா நானும் உங்கிட்ட பேசுறேன். உன் கணக்குல ஒண்ணு, என் கணக்குல ஒண்ணு. மொத்தமா கூட்டினா இரட்டைப்படையாத்தான் வரணும்.

— ஒயருக்கு ரெண்டு முனை. அவ்வளவுதானே?

— அவ்வளவுதான். நாளைக்கு காலேஜ்ல இதைத்தான் நடத்தணும். நம்ம வீட்டையே உதாரணமா காட்டலாம்னு குடும்ப குரூப்ல கேட்டேன்: கூடப்பிறந்தவங்கள்ல நீங்க எத்தனை பேர்கூட பேசுறீங்கன்னு. பெரியக்கா மூணு, சின்னண்ணன் மூணு, நீ மூணு, நான் மூணு.

— பன்னெண்டு. அப்புறம் என்ன?

— பெரியண்ணனும் பதில் போட்டிருக்கார். பூஜ்யம்தானே போடணும்? ஒண்ணுன்னு போட்டிருக்கார்.

— கை தவறி அழுத்தியிருப்பார்.

— கை தவறுற ஆளா அவர்? நான் கணக்கு படிக்கப் போறேன்னதும் என் விண்ணப்பத்தை நிதானமா நாலா மடிச்சுக் கிழிச்சவர். மன்னிப்பு கேக்குற வரைக்கும் நாம நாலு பேரும் அவர்கூடப் பேசுறதில்லைன்னு அன்னைக்கு முடிவு பண்ணோம். பதினாறு வருஷம் ஆச்சு. இப்ப உங்கள்ல யாரோ முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க.

— அட விடுக்கா.

— விட மாட்டேன். பெரியக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சின்னண்ணன் எங்கிட்டயே மாசத்துக்கு ஒரு தடவைதான் வாயைத் திறப்பார். மிச்சம் நீ. நீதான்னா இப்பவே சொல்லிடு, இனிமே ஃபேன் மாட்ட வேற எலெக்ட்ரீஷியனைப் பாத்துக்கறேன். உன்கூடவும் பேச்சு கிடையாது.

— சத்தியமா அவர்கூடப் பேசலக்கா. அண்ணிகிட்ட பேசுவேன். அண்ணி உன் கணக்குல வர மாட்டாங்கல்ல?

— வர மாட்டாங்க. அண்ணி என்ன சொன்னாங்க?

— சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க.

— டேய்.

— நீ யூடியூப்ல பாடம் நடத்துறியே, கீழ சந்தேகம் கேக்குறவங்க யாரு எவருன்னு பாப்பியா?

— கேள்வியைத்தான் பாப்பேன். ஒண்ணு விடாம பதில் போடுறேன்.

— அதுல தினமும் விடியக்காலைல ஒருத்தர் கேக்குறாராமே. வேற பேர்ல.

— ஆமா. யாரோ ரிட்டயர் ஆன வாத்தியார்னு நினைச்சேன். முதல்ல ஒண்ணுமே தெரியாது பாவம், புள்ளி எது கோடு எதுன்னு ஆரம்பிச்சார். போன வாரம் என் விடையிலயே ஒரு தப்பைப் பிடிச்சார். நான்கூட நன்றி சொல்லி... நீ முதல்ல ஸ்டூலை விட்டு இறங்கு.

— எட்டு மாசமாக்கா. ரெண்டு நோட்டு ரொம்பிடுச்சாம். மன்னிப்பு கேக்க வாய் வரல, சந்தேகம் கேக்கத்தான் வருதுன்னாராம்.

— அழுகையா வருதுடா எனக்கு. அந்த ஃபோனை எடு.

— யாருக்குக்கா? என்ன டைப் பண்ற?

— குரூப்ல போடுறேன். என் பதில் மூணு இல்ல, நாலுன்னு.