சில்லுக்கு வைத்த கல்லை எடுத்தது யார் என்பது பற்றி

முச்சக்கரவண்டி உருண்டு ஜீவராணி என்பவர் காயமடைந்த சம்பவம் தொடர்பாக நான் தரும் இரண்டாவது வாக்குமூலம் இது. தமிழில் எழுதிக்கொள்பவர் பொலிஸ் கான்ஸ்டபிள் கஜேந்திரன். தொடங்கிய நேரம் வியாழக்கிழமை முற்பகல் 9.20. நான் காலை ஏழரைக்கே வந்துவிட்டேன் என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

பெயர் கந்தப்பன் கிருஷாந்தி. வயது 23. முகவரி இலக்கம் 9, நான்காம் லயம், மேல்பிரிவு, ஆர்டன்ஹில் தோட்டம், மஸ்கெலியா. ஹட்டனில் உள்ள மலைச்சுடர் உயர்கல்விக் கல்லூரியில் ஊடக டிப்ளோமா இரண்டாம் வருட மாணவி. என்னிடம் வாகனம் எதுவும் இல்லை. பஸ்ஸில் வந்து போகிறேன்.

எங்கள் விரிவுரையாளர் ஷாமிலா மிஸ் சென்ற வாரம் ஆளுக்கொரு தலைப்புக் கொடுத்தார். எனக்கு வந்தது 'கல்லூரி வளாகத்தில் வாகனம் நிறுத்துவதில் மாணவர் எதிர்நோக்கும் பிரச்சினைகள்'. நாற்பது மாணவரைப் பேட்டி கண்டு வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தர வேண்டும். தலைப்பை மாற்றித் தரும்படி கேட்டேன். வாகனம் இல்லாதவள்தான் பக்கச்சார்பு இல்லாமல் கேட்பாள் என்று மிஸ் சொன்னார். அதன் பின்னர் ஒன்பது கேள்விகள் கொண்ட தாளை நாற்பது பிரதி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் பேட்டியைத் தொடங்கினேன்.

வாகனம் உள்ளவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இல்லாதவர்கள் நிறுத்தவில்லை. தனுஜா என்ற மாணவி தன் அண்ணனின் மோட்டார் சைக்கிள் கண்ணாடி உடைந்த கதையைப் பன்னிரண்டு நிமிடம் சொல்லிவிட்டு, கடைசியில் இது எதையும் எழுத வேண்டாம் என்றார். இன்னொருவர், "எனக்கு பஸ்ஸுல நிக்கவே எடம் இல்ல, இவங்க வண்டி நிப்பாட்ட எடம் கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். அதை மட்டும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

இடம் பற்றிக் கேட்டீர்கள். கல்லூரிக்கு முன்னால் ஏழு கார் நிறுத்தக்கூடிய சமதரை இருக்கிறது. ஏழிலும் விரிவுரையாளர் பெயர்ப் பலகை நட்டிருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் என்னோடு பஸ்ஸில் வருபவர்கள். ஆனாலும் அந்த மூன்று இடத்தில் மாணவர் வண்டி விட முடியாது, சங்கிலி போட்டிருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பது எங்கள் அலுவலகத்துக்குப் பொருந்தும். ஆகவே மாணவர் வண்டிகள் எல்லாம் சமையலறைக்கு மேலே உள்ள சரிவில்தான் நிற்கும். அங்கே நிறுத்தச் சொல்வது காவலாளி அழகுமுத்து. அவருக்கு அப்படிச் சொல்லச் சொன்னது அலுவலகம்.

சரிவில் நிறுத்தும் வண்டிக்கு எங்கள் பக்கத்தில் யாரும் ஹேண்ட் பிரேக்கை நம்புவதில்லை. பின் சில்லு உருளாமல் இருக்க அதற்கு அண்டையாகக் கல் வைப்போம். இது மலையில் பிறந்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை காலை கிஷாந்த் என்ற மாணவர் தன் முச்சக்கரவண்டியை அங்கே நிறுத்தி, பின் சில்லு இரண்டுக்கும் இரண்டு கல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். அவர் வைத்ததை நான் பார்த்தேன்.

அதன் பின்னர் 10.40 அளவில், தேநீர் இடைவேளையில், சரிவின் ஓரத்துக் கட்டுமதிலில் உட்கார்ந்து முப்பத்தோராவது பேட்டிக்கு ஜெரோமி என்ற முதலாம் வருட மாணவரைப் பிடித்தேன். காற்று பலமாக இருந்தது. முடித்து வைத்திருந்த முப்பது தாளில் நான்கு பறந்து சமையலறைக் கழிவுநீர்க் கானுக்குள் போயின. இறங்கி எடுத்து வந்தேன். திரும்பவும் இரண்டு பறந்தன. எனக்கு ஆத்திரம் வந்தது. மதிலுக்கு மிக அருகில் கிஷாந்தின் வண்டி நின்றது. இடப்பக்கச் சில்லுக்குப் பின்னால் இருந்த கல்லை இழுத்து எடுத்துத் தாள்களின் மேல் வைத்தேன். ஒரு கல் போதும், இரண்டாவது கல் மனத் திருப்திக்கு வைப்பது என்றுதான் நினைத்தேன். எங்கள் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லொறியையே ஒற்றைக் கல்லில் நிறுத்துவார்கள். இதையெல்லாம் தெரிந்தவள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. காலையில் பெய்த தூறலில் தரை ஈரமாக இருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அதை அழகுமுத்து மாமா கண்டார். அவருக்கு 57 வயது. எனக்கு உறவில்லை, மாமா என்று கூப்பிடுவது வழக்கம். வாசலில் நின்றபடியே, "புள்ள, கல்ல எடுத்த எடத்துல வச்சிரு" என்றார். "இந்தா வைக்கிறேன் மாமா" என்றேன். அதற்குள் ஜெரோமி மணி அடிக்கப் போகிறது என்று எழும்பப் பார்த்தார். ஆறாவது கேள்விதான் முடிந்திருந்தது. இன்னும் மூன்று கேள்விதானே, முடித்துவிட்டு வைப்போம் என்று அவரை உட்கார வைத்தேன். எட்டாவது கேள்வி, இப்போதுள்ள வாகனத் தரிப்பிடம் பாதுகாப்பானதா என்பது. அதற்கு அவர் "பரவாயில்ல" என்றார். நான் அதை எழுதிக்கொண்டிருக்கும்போது வண்டி நகர்ந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. மிஞ்சியிருந்த கல் ஈரத்தில் வழுக்கிப் போனது, வண்டி பின்பக்கமாக உருண்டு சமையலறைத் தண்ணீர்க் குழாயடியில் போய் முட்டியது. அங்கே சமையலறையில் வேலை செய்யும் ஜீவராணி அக்கா சோற்றுச் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். அவரது வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. முதலில் ஓடிப் போய் வண்டியைத் தூக்கியது அழகுமுத்து மாமா. நான் இறங்கிப் போகவில்லை. தாள்களைப் பைக்குள் வைத்துவிட்டு, கல்லை மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டேன். ஜெரோமி ஏற்கனவே போய்விட்டார். ஜீவராணி அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு மாமா மேலே வந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாசலுக்குத் திரும்பிப் போனார்.

அன்று மாலை சார்ஜன்ட் ஒருவர் கல்லூரிக்கு வந்து பக்கத்தில் இருந்த மாணவர் எல்லோரிடமும் வாக்குமூலம் எடுத்தார். கிஷாந்த் தான் இரண்டு கல் வைத்ததாகச் சொல்லியிருந்தார். ஆகவே கல்லை எடுத்தது யார் என்பதே கேள்வி. சார்ஜன்ட் என்னிடம் சிங்களத்தில் கேட்டார். வழியை ஒதுக்குவதற்காகக் காவலாளிதான் எடுத்திருப்பார், அப்படித்தானே என்பது அவர் கேள்வி. நான் "ஹரி சேர்", அதாவது சரி ஐயா, என்றேன். வாசலில் நிற்கும் வேலையை விட்டு அவர் எங்கேயோ நின்றாரா என்று கேட்டார். அதற்கும் "ஹரி சேர்" என்றேன். அதிகாரி என்ன கேட்டாலும் ஹரி சேர் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது எங்கள் ஆட்களின் பழக்கம். மொத்தம் ஐந்து தடவை சொன்னேன். அதன் பின்னர் சிங்களத்தில் எழுதிய தாளில் கையொப்பம் வைத்துவிட்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் புதன்கிழமை ஷாமிலா மிஸ்ஸிடம் நடந்ததைச் சொல்ல நினைத்துப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவர், இந்த விபத்து என் அறிக்கைக்கு நல்ல உதாரணம், ஒரு பக்கம் ஒதுக்கு என்றார். அதன் பின்னர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த நிர்வாக உத்தியோகத்தர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "வாக்குமூலம் குடுத்தாச்சுல்ல. செக்யூரிட்டி கம்பனி பாத்துக்கும். நீங்க டிப்ளோமாவ முடிக்கிற வழியப் பாருங்க" என்றார். நான் இன்னும் சொல்லப் போனபோது தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதைத்தான். பிற்பகல் மூன்று மணிக்கு மாமாவைப் பொலிஸார் அழைத்துப் போனார்கள். நான்கு மணிக்குக் கம்பனி வேறு காவலாளியை அனுப்பிவிட்டது. அவரும் மாணவர் வண்டிகளைச் சரிவுக்கே அனுப்பினார். சங்கிலி அப்படியே இருந்தது.

இன்று காலை தமிழில் எழுதக்கூடியவர் வரும்வரை இந்தப் பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். அங்கிருந்து பார்த்தால் கம்பிக் கூட்டுக்குள் அடைத்து வைத்திருப்பவர் தெரியும். மாமா கம்பிக்குப் பக்கத்தில் வந்தார். "எதுக்கு புள்ள வந்த? இன்னும் ஒம்பது பேர கேக்கணும்ல நீ" என்றார். கல்லைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாரையும் கேட்டாங்க, என்னைய யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது.

அவரை இன்று பிற்பகல் நீதவான் முன் கொண்டுபோவதாக அறிகிறேன். அதற்கு முன் இந்த வாக்குமூலத்தை வழக்குக் கோவையில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கல்லை எடுத்தது நான். திரும்ப வைக்கும்படி அவர் சொன்னார், நான் வைக்கவில்லை. இதனால் எனக்கு எதிராக நடவடிக்கை எடுக்கப்படலாம் என்றும் கல்லூரியில் என் இடம் போகலாம் என்றும் கான்ஸ்டபிள் எடுத்துச் சொன்னார். விளங்கிக்கொண்டேன்.

எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். முதல் வாக்குமூலம் பற்றிய பகுதியில் 'சிங்களம் போதியளவு விளங்காத காரணத்தால்' என்று கான்ஸ்டபிள் சேர்த்திருந்தார். அவர் எனக்கு நல்லது செய்யவே அப்படி எழுதினார் என்று தெரியும். நான் கினிகத்தேனையில் ஒரு சிங்கள முதலாளியின் துணிக்கடையில் இரண்டு வருடம் வேலைக்கு நின்றவள். சார்ஜன்ட் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் எனக்கு விளங்கியது. அந்த வரியை வெட்டச் சொல்லி, வெட்டிய இடத்தில் சிறு கையொப்பம் இட்டேன்.

மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. இம்முறை வாசித்துப் பார்த்த பின்பே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. கிருஷாந்தி
முற்பகல் 11.05