சுகிர்மான் அண்ணை என்னிடம் பேசியது

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் உணவக உரிமையாளர் கணேசலிங்கம் அவர்களே, ஜாவாவிலிருந்து வந்து லண்டனில் வாழும் பெரியோர்களே, தந்தையை இழந்து நிற்கும் மகள் ராத்னா, ஈஸ்ட் ஹாம் உறவுகளே! வணக்கம். பள்ளிக்கூடத்தில் கணிதத்தை இரண்டு முறை கோட்டைவிட்டு, அண்ணையோடு ஒரே சமையலறையில் வேலைசெய்த என்னை இந்த இரங்கல் கூட்டத்தில் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் சொல்வதை என் மகள் றொசாந்தி ஆங்கிலத்தில் சொல்லுவாள். என் பகிடிகளை விட்டுவிடுவாள், வீட்டிலும் அப்படித்தான்.

எங்கள் சமையலறையில் தமிழும் கொத்தும் பழகிய கொத்துரொட்டி மன்னர் சுகிர்மான் அண்ணை போய்விட்டார்! அவரிடம் பசியோடு வந்து பசியோடு திரும்பியவர் உண்டா? ஆனால் அவர் பிறந்த பன்யுமாஸ் பகுதியின் பேச்சை நம்மில் யார் அறிவோம்? அதுவும் ஜாவா மொழிதான். சொல்லின் கடைசி எழுத்தைத் தட்டி நிறுத்துகிற பேச்சு. முதலாளிக்கும் கோப்பை கழுவுகிறவனுக்கும் ஒரே பேச்சு என்று அண்ணை பெருமைப்படுவார். மற்ற ஊர் ஜாவாக்காரருக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வருமாம்.

லண்டனில் அதைப் பேச அவருக்கு மனைவி ஒருவர்தான் இருந்தார். மனைவியின் இரங்கல் கூட்டத்தில் அண்ணை தன் பேச்சிலேயே எழுந்து அழுதார். சபை சிரித்தது. பெரியோர்களே, கோபிக்காதீர்கள், உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து எவன் பகிடி விடுவான்?

அன்றோடு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. மகளைப் பார்த்தும் யாரும் சிரிக்கக் கூடாதென்று அவளுக்குக் கற்றுக்கொடுக்கவும் இல்லை. பிறகு ஒருநாள், சமையலறைப் பின்வாசலில் வெங்காயச் சாக்கின்மேல் இருந்துகொண்டு, என்னிடம் அதில் பேசத் தொடங்கினார்.

“அண்ணை, எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை.”

“அதுதான் தம்பி வசதி. விளங்கினா நீயும் சிரிப்பாய்.”

“என்ரை மனிசி கதைக்கிறதே எனக்கு அரைவாசிதான் விளங்கும். நீங்கள் கதையுங்கோ.”

பேசினார். வருடக்கணக்காகப் பேசினார். நான் தலையாட்டினேன்.

நேற்று ராத்னா வந்து கேட்டாள்: “அங்கிள், என்னோடு பேசாத பேச்சையெல்லாம் அப்பா உங்களோடு பேசினாராமே. என்ன சொன்னார்?”

ஐயோ! ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் இந்தக் காதுக்குள் வந்தது. ஒரு வசனமாவது என்னிடம் இருக்கிறதா? ஓட்டை வாளியில் ஊற்றிவிட்டுப் போனீர்களே, அண்ணை!

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் சொல்லவேண்டும். எதைத் தொடர்வது? அவரைப்போலக் கொத்தக்கூட எனக்கு வராது. யார் எந்தப் பேச்சில் அழுதாலும் சிரிக்கமாட்டேன், பக்கத்தில் இருப்பவனைச் சிரிக்க விடவும் மாட்டேன். இவ்வளவுதான் என்னால் முடிந்த உறுதி.

ராத்னா, அந்தப் பேச்சில் எனக்கு விளங்கிய ஒரே சொல் உன் பெயர். அது அடிக்கடி வந்தது. சிலவேளை சிரித்துக்கொண்டு சொல்வார், சிலவேளை சொல்லிவிட்டு வீதியைப் பார்ப்பார். அதற்கு முன்னும் பின்னும் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, பிள்ளை.