மூடியில் துளை போட்ட டின்

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் கிளம்பியதும், முன் இருக்கை விவசாயி தன் மனைவியின் மடியிலிருந்த பால் டின்னைப் பார்த்தார். அதன் மூடியில் ஆணியால் துளைகள் போட்டிருந்தார்கள்.

"வயல்ல எலி புடிக்கக் கூலி குடுத்தேன். இப்ப எலிய பஸ்ல கூட்டிக்கினு போறேன்."

"வெள்ளெலி மாமா இது. எங்கக்கா கால் ஒடிஞ்சி படுத்துக்கினு இருக்கா. எல்லாரும் கடலைக் கொல்லையில மல்லாட்டைக்குக் களை எடுக்கப் போயிட்டா, அவளுக்கு யாரு தொணை?"

"கடைக்காரன் வாலில்லாத சீமை எலி ஒண்ணு காட்டினானே. அதை முயல்குட்டின்னாவது சொல்லிக்கலாம்."

"அது கூடைப் புல்லு தின்னும். எழுந்திரிக்க முடியாதவ புல்லுக்கு எங்க போவா? இதுக்கு ஒரு பிடி கேப்பை போதும்."

"அக்கா மாமியா வெதை மல்லாட்டைக்குக் காவலா வீடு பூரா எலிப்பொறி வெச்சிருக்காங்க. இதை உள்ள விடுவாங்களா?"

மனைவி டின்னை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

திண்டிவனத்தில் இறங்கும்போது அவர் தோள் துண்டை எடுத்து டின்னின் மேல் போர்த்தினார்.

"இதுவரைக்கும் எத்தினி எலி புடிச்சாங்கன்னு அந்தம்மாவ நான் கேக்கறேன். அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள நீ ஜல்தியா அக்காகிட்ட போயிடு."