நான்காவது தீவு

எனக்குக் கடல் பயணம் ஒத்துக்கொள்ளும், சார். வாந்தி, தலைசுற்றல் எதுவும் வராது. என் மனைவிக்குத்தான் ஆகாது. அதனால் நான்காம் நாள் அவள் விடுதியிலேயே படுத்துவிட்டாள். நானும் மச்சானும் மட்டும் போனோம்.

அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டது நானில்லை. ஐந்து நாள், ஐந்து தீவு, நானும் அவளும் என்றுதான் ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் பாட அட்டவணை போடுகிறவன் நான்; ஒரு படகு விடாமல் நேரம் எழுதி வைத்திருந்தேன். முதல் நாள் படகுத்துறைக்குப் போனால் தொப்பியும் கேமராவுமாக மச்சான் நிற்கிறார். அவள்தான் வரச் சொல்லியிருக்கிறாள்.

நல்ல மனுஷன். படகில் ஏறிய பத்தாவது நிமிஷம் பக்கத்து சீட்டுக்காரரின் குடும்பக் கதை முழுக்க அவருக்குத் தெரிந்திருக்கும். இறங்கியதும் அந்த ஆள் மாதிரியே பேசிக் காட்டுவார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கல்யாணமாகி ஆறு வருஷம். அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்குத் தெரியாது. மூன்று நாளும் நான் பைகளைப் பார்த்துக்கொண்டேன்.

நான்காவது தீவில் குடியிருப்பு கிடையாது. போனுக்கு சிக்னலும் கிடையாது. கரையிலிருந்து மணல்திட்டு வழியாக நடந்தால் ஒரு பாறை. நாலு மணிக்கு மேல் திட்டில் தண்ணீர் ஏறிவிடும், ஆறு மணிக்குப் பாறையும் முழுகிவிடும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நான் பலகைகளைப் படிக்கிறவன். மச்சான் ஆளைக் கேட்பவர்.

"மாப்ளே, பாறை பூரா பறவையா உக்காந்திருக்கு. நாலு படம் எடுத்துட்டு வந்துடறேன். கடைசிப் படகு எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு மச்சான். நிதானமா வாங்க."

அவருக்கு நீச்சல் தெரியாது.

கடைசிப் படகு நாலரைக்கு. ஏறும்போது டிக்கெட் கிழிப்பவர், "உங்ககூட தொப்பி போட்ட ஒருத்தர் வந்தாரே?" என்றார்.

"அவர் முந்தின படகுலயே போயிட்டார்."

படகு வளைந்து திரும்பியபோது பாறை தெரிந்தது. மச்சான் சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் வீசிக்கொண்டிருந்தார். இன்ஜின் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மாள், "பாருங்க, யாரோ டாட்டா காட்டறாங்க" என்றார். பதிலுக்குக் காட்டாமல் இருப்பது மரியாதையில்லை. நானும் கை காட்டினேன்.

விடுதியில் அவள், "அண்ணன் எங்க?" என்றாள்.

"யாரோ சிநேகிதம் பிடிச்சுட்டார். காலைல நேரா அடுத்த தீவுக்கே வந்துடறேன்னார்."

"அவன் அப்படித்தான்" என்று சிரித்தாள்.

ஐந்தாவது தீவையும் பார்த்தோம். நல்ல வெளிச்சம், நல்ல மணல். அவள்தான் ஒவ்வொரு படகு வரும்போதும் துறைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மீன்பிடிக்கப் போனவர்கள் அவரைக் கொண்டுவந்தார்கள்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் சொல்கிறேன். ஆறு மணி என்று வாய் தவறிச் சொல்லவில்லை. பலகையைப் படித்துவிட்டுத்தான் சொன்னேன். அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் பத்து நாளாக யாரிடமும் பேசவில்லை என்றீர்கள். கவலைப்படாதீர்கள். பேசவும் சிரிக்கவும் இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?