மணல் மூட்டை ராசா

"பொய் சொன்ன ராசாதாம்ட்டி ஊரக் காப்பாத்துனான்" என்றாள் முன் சீட்டுப் பெண். ஸ்ரீவில்லிபுத்தூரில், ராஜபாளையம் போகும் தனியார் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். மில் வேலைக்குப் போகும் தோழிகள் இருவர், அம்மன் கோயில் பொங்கலுக்குப் போட்ட நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எதிரி கோட்டைய வளைச்சிட்டான். ராசா மூட்டையில மணல ரொப்பி, மேல கொஞ்சம் அரிசியத் தூவி, 'எம்புட்டு இருக்கு பாருங்க'ன்னான். சனம் தெம்பா நின்னுச்சில்ல?"

"தெம்பா நின்னு, இருந்த அரிசியவும் வடிச்சுத் தின்னு தீத்துச்சு. அவன் செத்த பொறவு மகன் வந்து மூட்டைய அவுத்துக் காட்டுனான். அதுக்கப்பறந்தான அளந்து கஞ்சி குடிச்சாக?"

டிரைவர் எஞ்சினை உறுமவிட்டு, பஸ்ஸை இரண்டடி முன்னே நகர்த்தி, மறுபடி பின்னே கொண்டுவந்து நிறுத்தினார். வெகுநேரமாக இதே ஆட்டம்தான். "இந்தா கெளம்பியாச்சு, ஏறு ஏறு!" என்று கூவினார் கண்டக்டர்.

பொய் ராசாவின் கட்சிக்காரி பொறுமையிழந்து கத்தினாள். "அண்ணே, நெசத்தச் சொல்லுங்க. எப்ப எடுப்பீக?"

கண்டக்டர் சிரித்துவிட்டார். "சீட்டு ரொம்பணும்க்கா. தாராளமா டீ குடிச்சிட்டு வரலாம்."

"இப்பச் சொல்லு, எந்த ராசா ஒசத்தி?" என்றாள் தோழி.

"மகன்தான், போதுமா? இருந்தாலும் சீட்டுல கர்ச்சீப்பப் போட்டுட்டு எறங்கு."