இரண்டாவது லைன்

நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் சார், அதனால் அவசரம் இல்லை. நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். பெயர் பராங்குசம். வயது நாற்பத்தாறு. சின்னக் காஞ்சிபுரம். கம்ப்யூட்டர்களுக்கு ஒயர் இழுத்து நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது தொழில். நாலைந்து பட்டுக்கடை, ஒரு பள்ளிக்கூடம், அப்புறம் அந்த ஆஸ்பத்திரி.

2004-ல் அங்கே தீவிர சிகிச்சை வார்டு ஆரம்பித்தார்கள். ஆறு படுக்கை. ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு மானிட்டர். வார்டுக்குள் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் ஆறு பேருடைய நாடித்துடிப்பையும் வாங்கி, வெளியே நர்ஸ் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நடுவில் ஒயர்கள் வந்து சேரும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். விளக்கு போடுகிற ஸ்விட்ச் இல்லை. நான் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இரண்டு ஒயர் போட்டு, இரண்டையும் வேறு வேறு ஸ்விட்சுக்குக் கொண்டுபோனேன். ஒன்று நின்றால் மற்றது அந்த நொடியே எடுத்துக்கொள்ளும். யாரும் கேட்டுப் போட்டதில்லை. ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான் போட வேண்டும்.

மேனேஜர் இளவரசன் பக்கத்துத் தாமல் ஊர்க்காரர். நான் ஏணியில் நிற்கும்போது கீழே வந்து நின்றார்.

"இன்னா சாமி, ஒரு பொட்டிக்கு ரெண்டு ஒயரு இஸ்துக்கினு போற? ஒருத்தனுக்கு ரெண்டு பொண்டாட்டியா?"

நான் இறங்கி வந்து விளக்கினேன். "எங்காத்துக்குக் கோயில்ல ஒரு கைங்கரியம் இருக்கு சார். அப்பாவுக்குத் தீட்டு வந்தா சித்தப்பா போய் நிக்க முடியாது. பங்காளிக்கும் அதே பத்து நாள் தீட்டு. மாமாதான் போவார். அந்த மாதிரி, ரெண்டு லைனும் பங்காளியா இருக்கப்படாது. ஒரே பெட்டி, ஒரே கரண்ட்டுன்னா ரெண்டும் சேர்ந்து படுத்துடும்."

அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் வரவேற்பறையில் பத்துப் பேர் முன்னால், "பங்காளி சாமி வந்துட்டாருபா. இன்னா சாமி, இன்னிக்கி தீட்டு ஒண்ணும் இல்லியே?" என்பார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு சார். சரியாகச் செய்தால் அது யாருக்கும் தெரியாது. மறு வருஷம் பங்குனியில் முதல் ஸ்விட்ச் செத்துப்போனது. இரண்டாவது லைன் வேலையை எடுத்துக்கொண்டது. நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன், ஆனால் மாற்றவில்லை. யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்தேன். பதினோரு நாள். டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். திரையில் ஆறு பச்சைக் கோடும் ஓடிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் செத்த ஸ்விட்சைக் கையில் எடுத்துக்கொண்டு இளவரசன் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"பதினோரு நாளா ஒண்ணுலயே ஓடிச்சா?"

"ஆமா சார்."

"அப்ப ஒண்ணே போதும்னு நீயே வந்து சொல்ற."

புது ஸ்விட்ச் வாங்க வேண்டாம் என்றார். அடுத்த மாதத்திலிருந்து நான் வாராவாரம் வரத் தேவையில்லை என்றும் சொன்னார். "நின்னா போன் பண்றோம் சாமி. அப்ப வா, போதும்." குரலில் கோபமே இல்லை. பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் ஒற்றை லைனோடு விட்டுவிட்டு வந்தேன். இரண்டு மாதம் போன் வரவில்லை. ஒற்றை லைனையும் நான் நன்றாகத்தான் போட்டிருந்தேன்.

இப்போது அந்தப் புதன்கிழமை. மருந்துக் கவுண்டரில் பிரிண்டர் தகராறு என்று நானாகத்தான் போனேன். ஸ்விட்ச் அலமாரியும் அந்தக் கவுண்டருக்குப் பின்னால்தான். மத்தியானம் அந்த வார்டில் பகல் டியூட்டி நர்ஸ் தேவிப்ரியா ஒருத்திதான் இருப்பாள். நல்ல பெண், என்னை அண்ணா என்பாள். முன்பு ஒருநாள், "இந்த பீப் பீப் சத்தத்துக்கு ஒருத்தரும் தூங்க மாட்டேன்றாங்கண்ணா" என்று அவள் அலுத்துக்கொண்டபோது, படுக்கை மானிட்டரில் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். "திரையைப் பாத்துண்டா போறும்மா, அதுக்கு ரெண்டு லைன்" என்று சொல்லியிருந்தேன். ஒற்றை லைன் ஆனதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அது மேனேஜர் சொல்ல வேண்டிய விஷயம்.

இரண்டு நாற்பதுக்கு லைன் நின்றது. நின்றால் திரை இருட்டாகாது சார். மலிவான சாப்ட்வேர். கடைசியாக வந்த கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, மூலையில் சாம்பல் நிறத்தில் கடுகு மாதிரி ஒரு குறி காட்டும். கோடு கூட ஓடுகிற மாதிரியே இருக்கும். எனக்கு அது தெரியும்.

நான் நர்ஸ் மேசைக்கு எதிரே, திரை தெரிகிற பெஞ்சில் உட்கார்ந்து செல்போனை மடியில் வைத்துக்கொண்டேன். நின்றால் போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார்கள் அல்லவா. பக்கத்தில் மாகறலிலிருந்து வந்த கிருஷ்ணவேணி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் படுக்கை அர்ஜுனன் அவள் புருஷன். கரும்பு வெட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவராம், மறுநாள் சாதாரண வார்டுக்கு மாற்றுவதாக இருந்தார்கள். அவள் சாத்துக்குடி உரித்து எனக்கும் இரண்டு சுளை கொடுத்தாள்.

"சாமி, அந்த டிவில எங்க வூட்டுக்காரரு எது?"

"மூணாவது கோடும்மா."

"நல்லா ஓடுதா?"

"எழுபத்தெட்டு. நல்ல நம்பர்."

பொய் சொல்லவில்லை. திரையில் எழுபத்தெட்டுதான் இருந்தது.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடி வழியாக மூன்றாம் படுக்கை தெரியும். அவளுக்குத் தூண் மறைத்தது. தேவிப்ரியா குனிந்து கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிமிர்ந்து திரையைப் பார்ப்பாள், மறுபடி எழுதுவாள். இரண்டு ஐம்பது இருக்கும், அர்ஜுனன் கையைத் தூக்கினார். போர்வை நழுவியது. படுக்கை மானிட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கியது. கை கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது, பிறகு இறங்கியது.

நான் கூப்பிட்டிருக்கலாம். யோசித்தேன். நானே கூப்பிட்டால், பங்காளி சாமி ஏதோ உளறினார் என்று ஆகிவிடும். அவர்களாகத் தெரிந்துகொண்டு, அவர்களாக எனக்குப் போன் செய்ய வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் பார்ப்போம் என்று இருந்தேன். அப்படிப் பல தடவை இருந்தேன்.

மூன்று ஐந்துக்கு டாக்டர் ரவுண்டு வந்தார். உள்ளே போனவர் சத்தம் போட்டார். தேவிப்ரியா ஓடினாள். கிருஷ்ணவேணி எழுந்து நின்றாள், மடியிலிருந்த தோலெல்லாம் தரையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் லைனும் வந்துவிட்டது. அப்போது மூன்றாவது கோடு நேராக இருந்தது.

அன்று சாயங்காலம் போன் வந்தது. "சாமி, அந்த ரெண்டாவது லைன உடனே போட்ருங்க. இன்னா வேணுமோ வாங்கிக்கங்க" என்றார் இளவரசன். அதுவரை என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவார். இருட்டுவதற்குள் போட்டு முடித்தேன்.

சத்தத்தைக் குறைத்தாள், திரையையும் பார்க்கவில்லை என்று தேவிப்ரியா மேல் நீங்கள் கேஸ் போட்டீர்கள். ஜாமீனில் வந்து எங்காத்து வாசலில் நின்றாள். என் மனைவி ரமாமணி தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை.

"அண்ணா, ஸ்க்ரீன்ல எழுபத்தெட்டுதான் இருந்துச்சு. நீங்க எதிர்லதான ஒக்காந்துகினு இருந்தீங்க. இத ஒருத்தரு சொன்னா போதும்ணா. எனுக்கு அடுத்த மாசம் கல்யாணம், அவுங்க வூட்ல வேணாம்னு சொல்லிக்கினு இருக்காங்க."

"நான் கவனிக்கலைம்மா" என்றேன். அவள் போன பிறகு ரமாமணி கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்காக இன்றைக்கு வந்தேன் என்று எழுத வேண்டாம் சார். அது உண்மையாக இருக்காது. நேற்று இளவரசன் உங்கள் விசாரணை அறிக்கையின் நகலைக் காட்டினார். இரண்டாம் பக்கத்தில், திரை உறைந்து போயிருக்கலாம், தரமில்லாத ஒயரிங்கால் இணைப்பு தானாகக் கழன்றிருக்கலாம் என்று யாரோ ஒரு நிபுணர் எழுதியிருக்கிறார். அந்த ஆள் ஸ்விட்ச் அலமாரியைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள். பத்து வருஷத்தில் நான் போட்ட ஒரு இணைப்புகூடத் தானாகக் கழன்றது கிடையாது. அதை நான்தான் கழற்றினேன்.